விரல்கள் வெளியே தெரிய வேண்டும்

கொடைக்கானலில் மாவுக்கட்டு காய்வதற்குள் மனிதனுக்குப் பொறுமை போய்விடும். எங்கள் வார்டில் எந்நேரமும் கணப்பு எரியும். ஆனால் எவ்வளவு குளிரானாலும் கட்டுப் போட்ட காலின் விரல்களை மூடக் கூடாது என்பது என் சட்டம். வெளுத்தால் உடனே கண்ணில் பட வேண்டும். பயிற்சிக்கு வந்த பெண்களிடம் இருபது வருடம் இதைத்தான் ஓதினேன். கித்தேரியம்மாள் சிஸ்டர் என்றால் அவர்களுக்குச் சிம்ம சொப்பனம்.

நீங்கள் விசாரிக்க வந்தது இசபெல்லாவின் காலைப் பற்றி. அவளே உங்களுக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறாள். பரவாயில்லை, சொல்கிறேன்.

அவள் என் அக்காள் மகள். ஆறு வயதில் தாயில்லாமல் என்னிடம் வந்தாள். எனக்குக் கல்யாணம் காட்சி கிடையாது, அவள்தான் எல்லாம். என்னைப் போலவே நர்ஸானாள். எழுபத்தெட்டில் ஒருநாள், ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று கடிதத்தை நீட்டினாள். விண்ணப்பம் போட்டதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது, அட்டுவம்பட்டி இறக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. நான் தள்ளிவிடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் வார்டிலேயே படுக்க வைத்தோம். டாக்டர் அன்று காலையே எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார். "நல்லா கூடிரும்மா. டிக்கெட்டை மட்டும் தள்ளி வச்சுக்க" என்று அவளிடம் சொன்னார்.

மத்தியானம் இசபெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, உள்ளே வீங்கி முறுக்குது. விரலெல்லாம் மரத்துப்போச்சு. வெரசா கட்டைப் பிரிக்கச் சொல்லுங்க."

"முறிஞ்ச காலு வலிக்கத்தான் செய்யும் கண்ணு" என்றேன்.

அவள் கால் கட்டைவிரலை லேசாக நிமிர்த்திப் பார்த்தேன். அலறினாள். வீக்கத்துக்கு இடமில்லாமல் உள்ளே தசைக்கு இரத்தம் போகவில்லை என்று அர்த்தம். கட்டை நெடுகப் பிளந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை செத்துப்போகும். கட்டு வெட்டும் கத்தரி என் மேசையில்தான் இருந்தது.

நான் வலிக்கு ஊசி போட்டேன். நானே பின்னிய கம்பளி உறையை எடுத்து விரல்கள் மேல் மாட்டினேன். பிள்ளைக்குக் குளிருமே.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது அவள் மயக்கத்தில் கிடந்தாள். அப்போதுகூட நேரம் இருந்தது. விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"சூடா இருக்குங்க டாக்டர். நல்லா அசைக்கிறா."

அப்படியே சீட்டிலும் எழுதினேன். என் எழுத்தை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கால் மிஞ்சியது. பாதம் தொங்கிவிட்டது, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஜெர்மனிக்காரர்கள் வருத்தம் தெரிவித்து எழுதினார்கள்.

ஏழு வருடமாக நான்தான் குளிப்பாட்டித் தலை சீவி விடுகிறேன். தானே செய்துகொள்வேன் என்பாள், நான் விடுவதில்லை. இப்போதெல்லாம் என்னிடம் பேசுவதே இல்லை. வலியாக இருக்கும். போன வாரம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளே விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? ஆசாரியை வரவழைத்து அதைக் கழற்றி, கதவின் வெளிப்பக்கம் பொருத்திவிட்டேன். இப்போது அவளுக்கு ஒரு பயமும் இல்லை.