ஒரே சாடை

— இன்னொருக்கா நல்லாப் பாரு, ஷைனா அம்மிணி. கட்டபெட்டுல எத்தனை ராஜகுமாரி இருக்காங்களோ என்னமோ.

— ரெண்டு தடவை பாத்துட்டேங்கம்மா. உங்க நம்பரு, உங்க விலாசம். பென்சனை நிறுத்துனதுக்குக் காரணம், ‘பயனாளி இறந்துவிட்டார்’னு போட்டிருக்குதுங்க.

— செத்தவதான் பஸ்ஸேறி வந்து உன்ற இ-சேவை மையத்துல வரிசையில நிக்கறனாக்கும்?

— நான் சொல்லலீங்கம்மா, கம்ப்யூட்டர் சொல்லுது.

— ஏன், ஒரு மனுசன் வந்து எட்டிப் பாக்கக் கூடாதா? முன்னெல்லாம் பென்சன் ஆபீசுல இருந்து சில்வஸ்டர் தம்பி வருவாப்ல. ‘அம்மா, இருக்கீங்களா?’ன்னு வாசல்ல நின்னு கேப்பாப்ல. இருக்கேன்னா போதும், டீயைக் குடிச்சுப்போட்டுப் போயிருவாப்ல.

— அந்த வேலையே இப்ப இல்லீங்க. ஏ.ஐ.தான் பாக்குது. செத்தவங்க போட்டோவையும் பென்சன் வாங்கறவங்க போட்டோவையும் ஒத்துப் பாக்கும். முகம் ஒண்ணா இருந்தா நிறுத்திப்போடும்.

— அப்ப சில்வஸ்டர் தம்பி?

— கோயமுத்தூர்ல ஏதோ கடையில செக்யூரிட்டியா இருக்காராம்.

— அட, அவன் வேலையும் போச்சு, என்ற உசுரும் போச்சு.

— சிரிக்காதீங்கம்மா. இதைச் சரி பண்ணலீன்னா ரேசன் கார்டுலயும் பேரை எடுத்துருவாங்க. கேமராவைப் பாருங்க. ஆடாதீங்க... ம்ஹூம். மறுபடியும் அதேதான். முகம் ஒத்துப்போகுதுங்குது.

— யாரு முகத்தோட?

— திரையைத் திருப்பறேன், பாருங்க. இது நீங்கதானே?

— இரு, கண்ணாடியை மாட்டிக்கறேன்... எனக்கேது ரெட்டை மூக்குத்தி? அடியே, இது விஜயா!

— யாருங்கம்மா அது?

— என்றகூட ஒண்ணாப் பொறந்தவ. ரெட்டைப் புள்ளைங்க நாங்க. எங்கம்மாவே ஆளை மாத்தித்தான் கூப்புடும்.

— இப்ப எங்க இருக்காங்க?

— மவனோட திருப்பூர்ல. பேச்சுவார்த்தை நின்னு வருசமாச்சு. என்ற ஊட்டுக்காரர் தவறினப்ப வரல. இனி என்ற மூஞ்சியில முழிக்காதேன்னு போன்ல சொல்லிப்போட்டேன். அவளும் ரோசக்காரி, அப்புறம் கூப்புடவே இல்ல. கீழ் கோத்தகிரியில இருந்த எங்க சனமும் எல்லாம் காலி பண்ணிப் போயிருச்சு, சேதி சொல்லவும் ஆளில்ல.

— இந்தப் போட்டோவோட சேத்திருக்கற சான்றிதழைத் தொறந்து பாக்கறேன், இருங்க.

— பாரு, பாரு. நான் சொன்னனல்லோ! உன்ற மிசினு அக்காளைத் தங்கச்சியாக்கிப்போட்டுச்சு. அவளுக்குத் தெரிஞ்சா விழுந்து விழுந்து சிரிப்பா... சரி அம்மிணி, அதை அழிச்சு உடு, நான் கிளம்போணும்.

— அம்மா, இந்த நாற்காலியில கொஞ்சம் உக்காருங்க.

— எதுக்கு? தப்பு அதும்மேலதானே?

— தப்புதாங்கம்மா. ஆளைத்தான் அது மாத்திப்போட்டுச்சு. சாவு நெசமுங்க. போன ஆவணியில, திருப்பூர் ஆஸ்பத்திரியில.