முன் வலது சக்கரம்

பழைய சின்னக் காரின் அடியில் படுத்து வேலை செய்ய மெத்தையோ பாயோ சரிப்படாது. பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும், முதுகு சுலபமாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அழுக்கானால் தூக்கி எறிந்துவிடலாம். இதை எனக்குச் சொன்னவன் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். முப்பத்துநான்கு வயதாகியும் சின்னவன்தான்.

நீங்கள் அவசரப்படுத்தமாட்டேன் என்று சொன்னதால் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல் வரிசை கட்டுவேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இந்த ஊரில் பல பேருடைய சொல் என் கை வழியாகத் திரும்பி வந்ததுதான். பல் ஒரு மயிரிழை உயர்ந்தாலும் கடிக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே என் கை தவறிவிட்டது என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

கார் என் மனைவியுடையது. இரண்டு கதவு, உருண்டை விளக்கு. நாலு பேர் ஏறிவிட்டால் மூச்சு விடுவதற்கு முறை வைத்துக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் அதில் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள். பெட்டியோடு இரண்டு முறை போயிருக்கிறாள். இரண்டு முறையும் நான் போய்க் கெஞ்சித்தான் கூட்டிவந்தேன். மூன்று வருடம் முன்பு ஈரல் நோயில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கும் போகவில்லை. சமையலறைக் குழாயை முழுதாக மூடாமல் விடுவது அவள் பழக்கம். இப்போதும் காலையில் எழுந்து பார்த்தால் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். நான் மூடுவதில்லை.

கார் ஷெட்டிலேயே கிடந்தது. போன வருடம் மழை விட்டதும் சின்னவன் வந்து பார்த்தான்.

"மாமா, அக்கா வண்டி இப்படியே துருப்பிடிச்சு சாகணுமா?"

அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். கம்பி, ஸ்பிரிங், போல்ட் எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்ஜினில் கோளாறில்லை, அடிப்பக்கம்தான் போய்விட்டது என்றான். சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் உட்கார்ந்துபோயிருந்தன. ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்திருந்தது. இரும்பு மூட்டுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் புஷ்கள் பழைய அழிப்பான் மாதிரி பொடிந்து கையில் வந்தன. எல்லாவற்றையும் கழற்றி, பழையதைவிட உசத்தியான சாமான் போட்டுக் கட்டிவிடலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்றான்.

பதினேழு ஞாயிறு வந்தான். காலை எட்டு மணிக்குக் கேட் சத்தம் கேட்கும். நான் சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளைச் சுரண்டித் துரு நீக்கி வண்ணம் பூசுவேன், அவன் ஸ்பிரிங்கை அமுக்கி உட்கார வைப்பான். நான் ஒரு போல்ட்டின் மரையைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது காருக்கு அடியிலிருந்து அவன் குரல் வந்தது.

"மாமா, அது சக்கரத்துக்குப் போற போல்ட்டு. யாரோட கடைவாய்ப் பல்லும் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பதற்கு முன் ஒரு மூச்சை உள்ளே இழுப்பான். என் மனைவியும் அப்படித்தான் சிரிப்பாள். அடியில் படுத்திருப்பவனின் முகம் தெரியாது, அந்தச் சிரிப்பு மட்டும் வரும். அந்தப் பதினேழு வாரத்தில் நான் மருந்தில்லாமல் தூங்கினேன்.

கடைசியாகப் போட்டது முன் வலது சக்கரத்தின் பால் ஜாயிண்ட். சக்கரத்தைத் திருப்பவும் தாங்கவும் செய்கிற குமிழ் அது. அதன் நட்டு கிரீடம்போல் பல் பல்லாக வெட்டியிருக்கும். அளவாக முடுக்கிவிட்டு, குறுக்கே ஒரு மெல்லிய பின்னைச் செருகி, முனைகளை இரு பக்கமும் வளைத்துவிட வேண்டும். அது இருந்தால் நட்டு எந்தக் குலுக்கலுக்கும் கழலாது. சின்னவன் தன் கையாலேயே வளைத்தான்.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாதுன்னு சொல்வாங்கல்ல மாமா? அந்த அச்சாணி இதுதான்."

அன்றே இருவரும் ஓட்டிப் பார்க்கப் போனோம். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மலைச் சரிவில் பதினோராவது கிலோமீட்டர் வளைவுவரை போய்த் திரும்பினோம். வேகத்தடை வந்ததே தெரியவில்லை. அவன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் நிறுத்தியபிறகுதான் சொன்னான்.

"அடுத்த ஞாயிறு இதை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன் மாமா. துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. அவளும் அங்கதான இருக்கா."

அவள் என்றால் அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண். நல்ல பெண்.

"எங்க போயிடப்போறேன்? மாசத்துக்கு ஒருதடவை வந்துட மாட்டேனா?"

சரிப்பா என்றேன். மாதத்துக்கு ஒருதடவை என்பது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். முதலில் வருவார்கள், பிறகு போன் செய்வார்கள், பிறகு நாம் போன் செய்தால் எடுப்பார்கள்.

பின்னைப் போட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று முதலில் வந்த போலீஸ் அதிகாரியிடம் சொல்லியிருந்தேன். நீங்கள்தான் என் மெழுகுப் பெட்டியில் அதைக் கண்டுபிடித்தீர்கள். மறந்துபோன பின் நேராக இருக்கும், இது வளைந்து நிமிர்ந்திருக்கிறது என்றீர்கள். எனக்கு உங்கள்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

அவன் கிளம்புவதற்கு முந்தைய புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பின்னை உருவி எடுத்தேன். பல் செட்டுக்குக் கம்பி வளைக்கிற குறடு போதுமாக இருந்தது. நட்டைத் தளர்த்தினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கை கழுவிவிட்டு வந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குக் கீழ் வரிசை கட்டி முடித்தேன். மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டு, சொந்தப் பல் மாதிரி இருக்கிறது என்றார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சின்னவன் கிளம்பினான். வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்தான்.

"உடம்பைப் பாத்துக்கோங்க மாமா. குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு, வாஷரை மாத்துங்க."

மெதுவாகப் போ என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கார் வாசல் சாக்கடைப் பலகைமேல் ஏறி இறங்கித் தெருமுனையில் திரும்பியது.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. அந்தப் பதினோராவது கிலோமீட்டர் வளைவில் சக்கரம் உள்பக்கமாக மடங்கி, கார் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்துவிட்டது. அடையாளம் சொல்ல என்னைக் கூட்டிப்போனார்கள். முகத்தால் சொல்ல முடியவில்லை. முன்பல் ஒன்று அவனுக்கு நான் கட்டிக் கொடுத்தது. அதை வைத்துத்தான் சொன்னேன். கீறல்கூட விழவில்லை.

அந்தப் பெண் வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்கிறாள். "உங்களுக்கும் இனிமே யாரும் இல்லையே மாமா" என்று அழுகிறாள். அப்படிச் சொல்லாதேம்மா என்பேன். அதற்குமேல் அவளிடம் என்ன சொல்ல முடியும்? ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கேட் சத்தம் கேட்பதையும், ஷெட்டில் ஸ்பேனர் தரையில் வைக்கப்படுவதையும், அந்த மூச்சு உள்ளே இழுக்கப்படுவதையும் சொன்னால் அவள் பயப்படுவாள். எனக்குப் பயமில்லை. நான் முன்னறையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டிப் பார்ப்பதில்லை.

அவனைக் கொல்ல நினைக்கவில்லை, வாசலிலேயே வண்டி நின்றுவிட்டால் இன்னும் சில ஞாயிறு வருவான் என்றுதான் செய்தேன் என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். நட்டை விரலால் திருகி விட்டிருந்தால் சாக்கடைப் பலகையிலேயே கழன்றிருக்கும், யாரோ ஸ்பேனரால் கொஞ்சம் முடுக்கியிருக்கிறார்கள் என்று உங்கள் மெக்கானிக் சொன்னாராம். கெட்டிக்காரர்.

முதலில் விரலால்தான் விட்டேன். அட்டைமேல் படுத்தபடி யோசித்தேன். வாசலில் கழன்றால் அவன் சிரிப்பான், சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவான், போய்விடுவான். உயிரோடு இருக்கிறவர்கள் அப்படித்தான், போய்விடுவார்கள். என் மனைவியே அப்படித்தானே இருந்தாள். அதனால் ஸ்பேனரை எடுத்து அரைச் சுற்று முடுக்கினேன். தொட்டிவரை தாங்கும், சரிவில் பிரேக் போட்டுத் திருப்பும்போது தாங்காது என்பது என் கணக்கு. கணக்குத் தப்பவில்லை.

இப்போது நேற்று எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். இன்று சனிக்கிழமை. நாளைக் காலை எட்டு மணிக்குள் என்னை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? ஷெட் பூட்டியிருந்தால் அவன் காத்திருக்கமாட்டான்.