பதினோரு எட்டு

துணைவேந்தருக்குத் தேநீர் ஆறிப்போனால் பிடிக்காது. அதனால் அன்று காலை பத்து மணிக்கு அவருடைய நேர்முக உதவியாளரான நானே ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குள் போனேன். தரமதிப்பீட்டுக் குழு வந்திருந்தது. பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் நீடிக்குமா என்பது அந்த ஐந்து பேர் கையில். எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கி அணைத்து என் மேசையில் வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் நாற்காலியிலிருந்து அந்தக் கதவு பதினோரு எட்டுத் தொலைவு.

நீங்கள் விசாரணை அதிகாரி. பதறாமல் கேட்கிறீர்கள், அம்மா. நானும் பதறாமல் சொல்கிறேன்.

பத்து பத்துக்கு முதல் அழைப்பு. வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர் பேசினாள்.

"சார், கிடங்குல குளோரின் சிலிண்டர் வால்வு கசியுது. இப்ப லேசான வாடைதான். ஆனா கீழ்த்தளத்துல நாப்பது பிள்ளைங்க பரீட்சை எழுதுறாங்க. இந்த வாயு கீழதான் இறங்கும். நிறுத்துங்கன்னா, மேலிடத்து உத்தரவு இல்லாம முடியாதுங்குறாங்க. ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"சொல்றேம்மா, இருங்க."

எழுந்து நின்றேன். அது உண்மை. கடுமையான சம்பவம் எதுவானாலும் பதினைந்து நிமிடத்துக்குள் துணைவேந்தருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்ததே நான்தான். ஆனால் இவருக்கு முன்பிருந்தவர், கூட்டத்துக்கு நடுவில் ஒரு தற்கொலைச் செய்தியைக் கொண்டுபோனதற்காக, இருபது பேர் முன்னிலையில் கையிலிருந்த கோப்பு ஒன்றை என் முகத்தில் எறிந்தவர். அந்த அட்டையின் முனை கிழித்த தழும்பு புருவத்தில் இன்னும் இருக்கிறது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. குழுத் தலைவர் சிரிக்கிறார் என்றால் நல்ல அறிகுறி. கூட்டத்தின் இந்தப் பகுதி முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பத்து முப்பத்தைந்துக்கு மறுபடி கூப்பிட்டாள். இருமிக்கொண்டே பேசினாள்.

"சொல்லிட்டீங்களா சார்? தீயணைப்புக்கு நானே போன் போட்டுடவா?"

"வேணாம்மா. வண்டி அலறிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா, வந்திருக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஐயாகிட்ட சொல்லியாச்சு. ஆளுங்க கிளம்பிட்டாங்க."

யாரும் கிளம்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவள் குரலில் இருந்த பதற்றம் கொஞ்சம் தணியட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். தணிந்தது. "அப்பாடா, ரொம்ப நன்றி சார்" என்றாள்.

அந்த ஆட்களுக்காக அரை மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பதினொன்று ஐந்துக்கு மூன்றாவது அழைப்பு. "யாருமே வரலியே சார்" என்றாள். பின்னால் பெஞ்சுகள் இழுபடும் சத்தம். யாரோ ஒரு பெண் வாந்தியெடுக்கும் சத்தம். "நானே உள்ள போய் மூடிப் பாக்குறேன்." ரிசீவரை மெதுவாக வைத்தேன். சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது.

பதினொன்று இருபதுக்கு வேதியியல் துறைப் பக்கமிருந்து கண்ணாடி உடையும் ஓசை கேட்டுத் துணைவேந்தரே வெளியே வந்தார்.

"என்னய்யா சத்தம்?"

"வேதியியல் துறையில வாயுக் கசிவு சார். இப்பதான் போன் வந்துச்சு."

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழுவை அப்படியே விட்டுவிட்டு, அந்த வயதில், இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். ஓடும் முன்பே என் மேசைத் தொலைபேசியில் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டார். எட்டு நிமிடத்தில் வண்டி வந்தது. நான்கு மாணவர்கள் பிழைக்கவில்லை. அவள் சிலிண்டரின் அடியில் கிடந்தாள். முகத்தில் ஈரத் துப்பட்டா, கையில் ஸ்பேனர். வால்வை முக்கால்வாசி மூடியிருந்தாள்.

அன்று சாயங்காலம் துணைவேந்தர் என் தோளில் கை வைத்து, "நல்ல வேளை, நீயாவது உடனே சொன்னே" என்றார்.

பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. முதல் தகவல் வந்த நேரம் பதினொன்று இருபது என்று எழுதினேன். வாடை பத்து பத்துக்கே வந்தது என்று பிழைத்த பிள்ளைகள் சொல்லியிருந்ததால், எழுபது நிமிடம் தகவல் சொல்லாமல் இருந்த குற்றம் அவள் மேல் விழுந்தது. அந்த அறிக்கையையும் நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு பிழைகூட இல்லை.

போன வாரம் அவள் கணவர் வந்திருந்தார். பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தார்.

"வீட்டுல சின்னதா ஒரு கருகல் வாடை வந்தாலே தெருவையே எழுப்பிடுவா சார். அவ போய் ஒரு மணி நேரம் சும்மா இருந்தான்னு எழுதிட்டாங்க. பள்ளிக்கூடத்துல எம் பொண்ண, உங்கம்மாதான் நாலு பேரைக் கொன்னவங்கன்னு சொல்றாங்களாம். கடைசியா உங்ககிட்டதானே பேசினா. என்ன சார் சொன்னா?"

அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"லைன்ல ஒரே இரைச்சல்ங்க. சரியாக் கேக்கல" என்றேன்.

அவர் தலையாட்டினார். கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டதுதான் அம்மா, தாங்க முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் பத்து பத்துக்கே சொல்லிவிட்டாள். மூன்று முறை சொன்னாள். தீயணைப்பைக் கூப்பிட விடாமல் தடுத்தது நான். அந்த நான்கு பிள்ளைகளும் அவளும் என்னால் செத்தார்கள்.

இந்தத் துணைவேந்தர் ஆறு வருடத்தில் ஒருநாளும் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. "கெட்ட செய்தின்னா கதவத் தட்டாமலே உள்ள வாய்யா" என்று வந்த முதல் நாளே சொன்னவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்மா. அந்த ஒரு மணி நேரம் பத்து நிமிடம் அவர் நிம்மதியாக இருந்தார். அதை அவருக்குக் கொடுத்தது நான்தான்.