மூன்றாம் துடுப்பில் இருந்தவன்

அவையை நடத்தும் தலைவர் பரூக் பெக்கம் அவர்களே! பெயர்ப் பட்டியல் குழுவின் பெரியவர்களே! போதகர் ஓபதையா டெஃப்ட் ஐயா அவர்களே! அரசனின் கப்பலை நாங்கள் எரித்த அன்று சோள ரொட்டி கட்டிக் கொடுத்துவிட்டு, விசாரணைக்காரர்கள் வந்து கேட்டபோது "ரொட்டியா? அடுப்பே பத்த வைக்கலையே!" என்று சாதித்த தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் மக்களே, பேரப்பிள்ளைகளே! கறுப்பருக்கென ஒதுக்கிய மாடி வரிசையில் அமர்ந்திருக்கும் தாமார் அம்மையாரே! உங்கள் அனைவருக்கும் படகுத் தச்சன் எனோக் சிசனின் வணக்கம்.

ஏன் எல்லோரும் மாடியைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்? அந்த அம்மையார் ஆக்கும் கிளிஞ்சல் சூப்பைக் குடிக்காதவர் குவானசெட் துறையில் யாராவது உண்டா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். இல்லையல்லவா? அப்படியானால் அவருக்கு வணக்கம் சொல்வதில் என்ன தவறு?

நாற்காலி வேண்டாம், தலைவர் அவர்களே. ஒரு வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பட்டறைக்குப் போகிறேன், உளியை எடுக்கிறேன், வைக்கிறேன், துறைக்கு வருகிறேன், திரும்புகிறேன். என் மனைவி ஜெருஷா, "உங்களுக்கு என்னதான் ஆச்சு? தரை தேயுது" என்கிறாள். தேயட்டும்! திங்கட்கிழமை கல்தச்சர் வருகிறார். கெஸ்ட்ரல் கப்பலை எரித்த நாற்பது பேரின் பெயரையும் கல்லில் வெட்டப் போகிறார். வெட்டிவிட்டால் அழிக்க முடியுமா? அதற்குமுன் நான் பேசியாக வேண்டும். பேசாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

நாற்பது பேர் என்றேன். குழுவுக்கு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன தெரியுமா? நூற்று முப்பது! ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே மன்னனின் ஆணையர் மூவர் பொய்முடி தரித்து இந்த ஊரில் வந்து அமர்ந்தார்களே, "யார் எரித்தார்?" என்று கேட்டார்களே, அன்று எத்தனை பேர் முன்வந்தார்கள்? ஒருவருமில்லை. "நான் ஒண்ணும் பாக்கலீங்க", "எனக்குக் கண்ணு சரியில்லீங்க", "அன்னிக்கு எனக்குப் பல்வலீங்க". அன்று ஊரே குருடு, ஊரே செவிடு, ஊரே பல்வலி! இன்றோ அத்தனை பேரும் வீரர்! நூற்று முப்பது பேரும் ஏறியிருந்தால் கெஸ்ட்ரலுக்குப் போகுமுன்பே நம் நான்கு படகுகளும் முழுகியிருக்கும்.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்து முடித்தபின் கேளுங்கள்.

குழு நல்ல விதி ஒன்று வைத்திருக்கிறது. ஒருவர் பெயர் கல்லில் ஏற வேண்டுமானால், படகில் இருந்த இன்னொருவர் இந்த அவையில் கையுயர்த்திச் சாட்சி சொல்ல வேண்டும். படகில் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் இருவர். ஒருவர் சைலஸ் கோர்ட்டன். பாவம், பெற்ற மகனையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மற்றவன் நான்.

சென்ற வாரம் தாமார் அம்மையார் தம் தந்தை குவாக்கோவின் பெயரோடு குழுவிடம் வந்தார். குழு என்ன சொன்னது? "உங்க அப்பா அன்னிக்கு வீட்ல தூங்கிட்டு இருந்தாருன்னு மூணு பேர் சத்தியம் பண்ணியிருக்காங்கம்மா. ஊர்ப் பதிவுலயே இருக்கு." அந்த அம்மையார் படியிறங்கிப் போனார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த மூன்று பேரில் ஒருவன் நான், பெருமக்களே.

கூச்சல் வேண்டாம்! போதகர் ஐயா, எழுந்திருக்காதீர்கள். பொய்ச் சத்தியம் செய்தவனைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நீக்குங்கள். முழுதும் கேட்டுவிட்டு நீக்குங்கள்.

கெஸ்ட்ரல் நம்மை என்ன பாடுபடுத்தியது! நம் மீன்படகுகளைப் பிடித்தது, நம் ஆடுகளை அறுத்துத் தின்றது, நம் ஆப்பிள் மரங்களை வெட்டி அடுப்பெரித்தது. ஒருநாள் கடல்நீர் வடிந்த நேரத்தில் நம் மணல்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. விடிகாலை, அடர்ந்த பனி. என் மாமா ஜேபஸ் தம் அடிமை குவாக்கோவை அழைத்தார். "டேய், உன் கை ரெண்டும் எனக்கு வேணும். ஏறுடா படகுல!" என்றார். "வர்றியா?" என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. மூன்றாம் துடுப்பில் அவனும் நானும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்தோம்.

பாதி வழியில் துடுப்பைத் தாங்கும் முளை முறிந்தது. படகு சுழன்றது. எனக்கு இருபது வயது, அழுகை வந்துவிட்டது. குவாக்கோ படகில் வைத்திருந்த சூப்புப் பானையிலிருந்து மரக்கரண்டியை எடுத்தான், முழங்காலில் வைத்து ஒடித்தான், காம்பை முளைக்குழியில் செருகினான். "இழுங்க சின்னய்யா! திரும்பி வந்து சூப்பைக் கையால குடிச்சுக்கலாம்" என்றான். இழுத்தோம். ஏறினோம். மாலுமிகளைக் கரையில் இறக்கினோம். கப்பலை எரித்தோம்.

நான்கு மாதம் கழிந்தது. மீன் பிடிக்கப் போன குவாக்கோவை வேறொரு அரச கப்பல் பிடித்தது. கப்பல் தலைவன் சொன்னான்: "பேரைச் சொன்னா விடுதலை. சொல்லலேன்னா கயிறு." குவாக்கோ சொன்னான். ஐந்து பெயர்களைச் சொன்னான்.

யாரது கத்துவது? "காட்டிக் குடுத்தவன் பேரையா கல்லுல வெட்டணும்?" லெமுவேல் தானே? உரக்கவே கேள், தம்பி, நல்ல கேள்வி. நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நாம் கப்பலை எரித்தது எதற்கு? வாயைத் திற! விடுதலைக்கு! நாற்பது பேர் நெருப்பு வைத்தது எதற்கு? விடுதலைக்கு! பிறகு அரசனை எதிர்த்து எட்டாண்டு போர் செய்தது எதற்கு? விடுதலைக்கு! குவாக்கோ வாய் திறந்தது எதற்கு? அதே விடுதலைக்கு! நமக்கு வந்தால் வீரம், அவனுக்கு வந்தால் துரோகமா? நம் படகில் இரண்டு கையாக மட்டும் ஏற்றினோமே, அவனுக்கு நாம் என்ன வாக்குக் கொடுத்தோம், அவன் அதைக் காப்பாற்ற?

ஐந்து பேருக்கும் தூக்குக் கயிறு காத்திருந்தது. என் மாமா என்னை அழைத்தார். "அவன் வாயை அடைக்க வேணாம்டா. அவன் படகுலயே இல்லேன்னு ஆக்கிட்டாப் போதும்" என்றார். எவ்வளவு எளிது பாருங்கள்!

ஆணையர்கள் முன் குவாக்கோ நின்றான். "எந்தத் துடுப்பு?" "மூணாவது, ஐயா. முளை ஒடிஞ்சு போச்சு. சூப்புக் கரண்டிக் காம்ப வச்சு ஓட்டினோம்." ஆணையர்கள் சிரித்தார்கள். "ஓகோ, கரண்டிய வச்சா அரசரோட கப்பலைப் புடிச்சீங்க?" கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு என்னை அழைத்தார்கள். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தேன். "குவாக்கோ அன்று விடியும்வரை வீட்டுப் பரணில் தூங்கினான், நான் கண்ணால் கண்டேன்" என்றேன். வழக்கு அத்தோடு விழுந்தது. ஐந்து பேரும் பிழைத்தார்கள். ஊர் என்னைத் தோளில் தூக்கியது.

அவனோ பொய்யன் ஆனான். பொய்யனுக்கு யார் விடுதலை தருவார்? கப்பல்காரர்கள் அவனை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மாமா அந்தக் குளிர்காலத்திலேயே அவனைத் தெற்கே கரும்புத் தீவுகளுக்கு விற்றார். அங்கிருந்து ஒரு சேதியும் வரவில்லை. தாமார் அம்மையாருக்கு அப்போது வயது ஒன்று.

இதோடு முடிந்திருந்தால் நான் வீட்டிலேயே தரையைத் தேய்த்துக்கொண்டு இருந்திருப்பேன். முடியவில்லை, பெருமக்களே. இன்னொன்று இருக்கிறது. இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, ஜெருஷாவிடமும் சொன்னதில்லை.

அவன் சொன்ன ஐந்து பெயர்களில் என் பெயர் இல்லை.

ஆணையர் விட்டாரா? விடவில்லை. "மூணாவது துடுப்பை ரெண்டு பேர் சேர்ந்துதானே இழுப்பாங்க? உன் பக்கத்துல இருந்தது யாரு?" என்று கேட்டார். மேசையில் கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு பெயரைச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பார்கள் அவனை. நான் ஆறடி தூரத்தில் நிற்கிறேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரே பனி, ஐயா. மொகம் தெரியல."

அதற்கு அடுத்த சாட்சியாகத்தான் என்னை அழைத்தார்கள்.

ஏன் சொல்லவில்லை? பாசமா? இரக்கமா? படகில் அழுதவன் என்ற பரிதாபமா? எனக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டு கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன், தெரியாது! அவன் சொல்லாத பெயர் இன்று பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டவன் பெயர் எங்கே? சொல்லுங்கள், எங்கே?

நல்லது. எழுதுபவர் பேனாவை எடுக்கட்டும். விதிப்படி கையுயர்த்துகிறேன். என் பெயரை வைப்பதும் நீக்குவதும் உங்கள் விருப்பம். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், கத்தியாவது கேட்ட லெமுவேலுக்கும், மாடியில் எழுந்து நிற்கும் தாமார் அம்மையாருக்கும் என் நன்றி. வணக்கம் சொல்லி என் சாட்சியைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், தலைவர் அவர்களே:

மூன்றாம் துடுப்பில் என் பக்கத்தில் இருந்தவன் குவாக்கோ. அன்று பனி இருந்தது. எனக்கு முகம் தெரிந்தது.