ஓடும்போதே பிரித்துவிட வேண்டும்

பழைய ஜீப்பைப் பிரித்து விற்பதென்றால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் டயரில் கை வைப்பார்கள். டயர் போய்விட்டால் வண்டியை நகர்த்த முடியாது. மழை வந்தால் அங்கேயே கிடந்து நனையும். பாதி வேலையில்தான் அவர்களுக்கு அது உறைக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்டது இந்த வண்டியைப் பற்றித்தான் சார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், இடத்தைக் காட்டச் சொன்னீர்கள், வண்டியிலேயே கூட்டி வந்திருக்கிறேன். இதுதான் இடம். கீழே பட்டை உரிந்து நிற்கிற அந்த சில்வர் ஓக் மரத்தில்தான் வண்டி போய் நின்றது. இத்தனை மாதத்தில் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள். மற்றவர்கள் எல்லோரும் என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னார்கள். ராத்திரி மழை, தரை ஈரம், கட்டை வழுக்கிவிட்டது என்றார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வண்டி அப்பாவுடையது. ஒரு காபி எஸ்டேட்டில் கழித்துக்கட்டிய வண்டியை வாங்கி, தாண்டிக்குடிக்கும் பெரும்பாறைக்கும் ஓட்டினார். காலையில் தோட்டத்துக்கு ஆட்கள், திரும்பும்போது ஆரஞ்சு, மிளகு, வாழைத்தார். அவர் இறந்த பிறகு அண்ணன் வேலுமணி ஓட்டினான். நான் அப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டது போலவே அதையும் விட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரு நாள் ஷிப்டுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டினேன், திரும்பக் கழற்றி வைத்துவிட்டேன். ஊருக்கு வந்தபோது அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கையில் கட்டையைக் கொடுத்தான்.

நீங்கள் சமவெளிக்காரர், அதனால் சொல்கிறேன். இந்த மேட்டில் ஓடுகிற பழைய ஜீப் எதிலும் ஹேண்ட் பிரேக்கை முழுதாக நம்ப முடியாது. அதனால் பின் படியில் ஒருவன் தொங்கிக்கொண்டு வருவான். அவன் கையில் ஆப்பு மாதிரி செதுக்கிய பலாக்கட்டை இருக்கும். ஏற்றத்தில் வண்டி நிற்கப் போகிறதென்றால் நிற்பதற்கு முன்பே குதித்து, பின் டயருக்கு அடியில் கட்டையைச் சொருகி, ‘போட்டாச்சு’ என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் கேட்கும்வரை டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டான். கேட்டுவிட்டால் எடுத்துவிடுவான். இறங்கி வந்து சரிபார்க்க மாட்டான். சரிபார்த்தால் கட்டைக்காரனை நம்பவில்லை என்று அர்த்தம், மறுநாள் அவன் வேலைக்கு வர மாட்டான். மலையில் இதுதான் வழக்கம்.

எனக்கு முப்பத்தோரு வயது. மில்லில் ஒரு வரிசை மிஷினைத் தனியாகப் பார்த்தவன். இங்கே கட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்களோடு ஆளாக உட்கார்ந்து வருவேன்.

“ஏய்யா சிவா, கட்டைய அப்படித் தடவிக்கிட்டே வாரியே, ஒரு தொட்டிலு கட்டித் தரட்டுமா?” என்பாள் சின்னத்தாயி, மிளகு பறிக்க வருகிறவள். வண்டி முழுக்கச் சிரிக்கும்.

அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்து, “அவனச் சும்மா விடுங்கத்தா. மில்லுல ராப்பூரா முழிச்ச பய. கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவான். எழுப்பி விட்டீங்கன்னா அழுவான்” என்பான்.

அவன் கெட்டவன் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோழி அடித்தால் கால் துண்டை எனக்குத்தான் வைக்கச் சொல்வான். அவன் பேச்சில் விஷம் கிடையாது. விஷம் இருந்திருந்தால் நானும் திருப்பிப் பேசியிருக்கலாம்.

போன வருடம் வண்டி அடிக்கடி படுக்க ஆரம்பித்தது. ரேடியேட்டர் ஒழுகியது, இஞ்சின் புகை தள்ளியது, கதவு கயிற்றில் நின்றது. வத்தலக்குண்டிலிருந்து மெக்கானிக் மயில்சாமியை வரவழைத்தோம். அவர் அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டமான சேஸை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக் கேட்டார். வெளியே வந்து வெற்றிலை போட்டார்.

“என்ன மாமா, தேறுமா?” என்றான் அண்ணன்.

“தேத்துனா தேறும் மாப்ள. சேஸ்ல ஒரு கீறல், வெல்டு வச்சுரலாம். இஞ்சினப் பெறகு பாத்துக்கலாம். ஆனா பிரிக்கிறதா இருந்தா இப்பவே பிரிச்சுரு. ஓடும்போதே பிரிச்சாத்தான் சாமான் சாமானா இருக்கும். நின்னுபோயி ஒரு மழை நனைஞ்சுதுன்னு வையி, இஞ்சினு, கியர் பாக்ஸு எல்லாம் இரும்புக் கடைக்குத்தான்.”

“பிரிச்சுரலாம்ணே” என்றேன். அந்த விஷயத்தில் நான் வாய் திறந்தது அப்போதுதான்.

அண்ணன் சிரித்தான். “ஏலே, அப்பன் வண்டியக் கூறு போடச் சொல்றியா? ஒனக்கு எதையுமே முழுசா வச்சிருக்கத் தெரியாதுலே. படிப்பப் பாதியில விட்ட, மில்லப் பாதியில விட்ட. வண்டியயாவது முழுசா இருக்க விடு.”

மயில்சாமியும் சிரித்தார். அண்ணன் என் தோளில் தட்டி, “இன்னும் பத்து வருசம் ஓட்டிக் காட்டுறேன் பாரு. நீ கட்டையப் போடு, நான் ஓட்டுறேன்” என்றான்.

பத்து வருடம் என்று அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

வண்டி இல்லையென்றால் கட்டை இல்லை. கட்டை இல்லையென்றால் நான் இந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை. அப்படியே கிளம்பிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு இடத்திலிருந்து அப்படிக் கிளம்பி வந்தவன் நான். மூன்றாவது தடவையும் கிளம்பினால் அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். வண்டி தானாகப் போனால் அது என் குற்றம் ஆகாது. நான் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் சேஸுக்கு வெல்டு வைத்தான். ஆரஞ்சு சீசன் முடிந்ததும் இஞ்சினைப் பார்ப்பதாக இருந்தான். அந்த சீசனில்தான் ஒரு காலை, ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, ஆரஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு இந்த மேட்டில் ஏறினோம். வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். அடியில் கடகடவென்று சத்தம். பின் சக்கரத்துக்கு இஞ்சினிலிருந்து இழுவை கொண்டுபோகிற தண்டு இருக்கிறதே, அதன் மூட்டு பாதி உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் வண்டியை இதே இடத்தில் நிறுத்தினான். நான் குதித்தேன்.

“போட்டாச்சாலே?”

“போட்டாச்சு.”

கட்டை என் கையில் இருந்தது.

முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை சார். குதித்தேன், வாய் சொல்லிவிட்டது. வண்டி அசையவில்லை. அவன் கியரில் போட்டிருந்தான், ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருந்தான். வண்டி அசையாமல் நிற்கும்வரை நான் சொன்னது பொய்கூட இல்லை என்று எனக்குப் பட்டது.

ரோட்டில் அந்த மூட்டு போனால் இங்கே எல்லா டிரைவரும் ஒன்றுதான் செய்வார்கள். பின் தண்டை மொத்தமாகக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, முன் சக்கர இழுவையில் வீடு வந்து சேருவார்கள். ஆனால் அந்தத் தண்டு இருக்கும்வரைதான் கியர் பின் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இந்த மாதிரிப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக்கும் அந்தத் தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டு கழன்றால் வண்டியைத் தாங்குவது கட்டை மட்டும். முன் சக்கரத்தையும் கியர் பிடித்துக்கொள்ளும்படி லீவரை முதலிலேயே போட்டுவிட்டு அடியில் போயிருக்க வேண்டும். அண்ணன் அதைச் செய்யவில்லை. கட்டை இருக்கிறதே என்று விட்டுவிட்டான்.

தண்டு பின்னால் நான்கு போல்ட்டில் நிற்கிறது. அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கையை நீட்டினான். இடது கையில் கட்டையை வைத்துக்கொண்டு வலது கையால் ஸ்பேனரைக் கொடுத்தேன்.

“வெரசா முடிச்சுட்டு எறங்கிட்டா, கீழ கடையில புரோட்டா சூடாத் திங்கலாம்லே. நேத்துப் பூரா நீ ஒண்ணும் திங்கல, அம்மா சொல்லுச்சு” என்றான்.

முதல் போல்ட் இறுக்கமாக இருந்தது. இரண்டாவது சீக்கிரம் வந்தது. மூன்றாவதை வாயில் கவ்விக்கொண்டான் போல, பேச்சு குழறியது. கட்டையைப் போட எனக்கு நேரம் இருந்தது. இரண்டு எட்டு வைத்துக் குனிந்தால் போதும். குனிந்தால் அவன் திரும்பிப் பார்ப்பான், அதுவரை போடவில்லை என்பது தெரிந்துவிடும், அதை வைத்துப் பத்து வருடம் வண்டி முழுக்கச் சிரிக்கும். அதைத்தான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

நான்காவது கழன்றதும் வண்டி கீழே போனது. வேகமாகப் போகவில்லை. முன் சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸில் அவன் தலையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சாலை முழுக்க ஆரஞ்சு உருண்டது.

நான் கீழே ஓடினேன். மரத்தில் மோதி நின்ற வண்டியின் பின் டயருக்குக் கட்டையைப் போட்டேன். கை பழகிவிட்டது, அவ்வளவுதான். பிறகுதான் மேலே ஏறி அவனிடம் போனேன். மூச்சு இருந்தது. சத்தம் கேட்டு வந்தவர்கள் கட்டை டயரடியில் கிடப்பதைப் பார்த்து, அது வழுக்கி வண்டியோடு வந்துவிட்டது என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். டாக்டர்கள் இரண்டு தடவை சோதித்துவிட்டு, மூளை இறந்துவிட்டது, இனித் திரும்பாது என்றார்கள். பிறகு ஒரு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகப் பேசினார். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தால்தான் உறுப்புகள் மற்றவர்களுக்குப் பயன்படும் என்றார். “யோசிச்சுச் சொல்லுங்க தம்பி, கட்டாயம் ஒண்ணுமில்ல” என்றார்.

எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. இதை ஏற்கெனவே ஒருவர் எனக்கு விளக்கியிருந்தார்.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. “எம்புள்ளைய முழுசாக் குடுங்கய்யா. கீறிக் குடுக்காதீக” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். மயில்சாமி சொன்னதைத்தான் சொன்னேன், வண்டி என்று வரும் இடத்தில் அண்ணன் என்று மாற்றிக்கொண்டேன். நின்றுபோனால் எல்லாம் வீணம்மா என்றேன். விடிந்ததும் சம்மதித்தாள். இதயம், ஈரல், இரண்டு சிறுநீரகம், கண்கள் போயின. ஒன்றும் வீணாகவில்லை.

அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதிகாரிகள் மாலை வைத்தார்கள். உங்கள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தாண்டிக்குடியில் அன்று ஒரு ஜீப் ஓடவில்லை. ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனசு தம்பி உனக்கு என்றார்கள். சின்னத்தாயி காலில் விழப் போனாள். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் உறுப்பு தானத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். தொடர்ந்து சில நாள் ராத்திரியில் தூக்கமும் வந்தது.

பிறகுதான் டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். “வேலுமணி வண்டியக் கண்டம் பண்ணி இரும்புக் கடைக்குப் போட விட்ருவமா?” என்றார்கள். மயில்சாமி கூலி வாங்காமல் வேலை செய்தார். இஞ்சின், பிரேக், பெயின்ட் எல்லாம் புதிதாக வந்தது. கண்ணாடிக்கு மேலே அண்ணன் பெயரை எழுதினார்கள். அம்மா திருநீறு பூசிச் சாவியை என் கையில் கொடுத்தாள். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மயில்சாமி பானெட்டைத் தட்டி, “பத்து வருசம் மக்கர் பண்ணாம ஓடும் மாப்ள” என்றார்.

கட்டைக்கு ஆள் வைத்துப் பார்த்தேன், இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் போட்டாச்சு என்று சொன்ன பிறகும் நான் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். இப்போது நானே ஓட்டி, நானே இறங்கி ஓடிக் கட்டை போடுகிறேன். சிரமம்தான்.

என்னைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது. நான் பொய் சொல்கிறவன் இல்லை. இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் ஒரே ஒரு வார்த்தை. மற்றதெல்லாம் மற்றவர்கள் சொன்னது. அண்ணன் அடியில் படுத்த பிறகு இன்னொரு தடவை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன்.

அந்த நான்கு போல்ட்டும் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். நின்றபடி பார்த்தால் தெரியாது சார். வண்டிக்கு அடியில் தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். சட்டை அழுக்காகாது, சாக்கு விரித்திருக்கிறேன்.

ஏன் தயங்குகிறீர்கள்? இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் உண்மையாகச் சொன்னவன் இதில் போய்ப் பொய் சொல்வேனா? குனியுங்கள்.

கட்டை போட்டாச்சு.