பேர் போட்டு எழுதிய கடிதம்

மலேசியாவின் தாப்பா நகரிலிருந்து மலையேறும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பல்கலைக்கழக விடுமுறைக்கு வீடு திரும்பும் ரேவதியும், அவளை அழைத்துப்போக வந்த தேயிலைத் தோட்டத்துத் தோழி மாலாவும்.

"பதினெட்டு வயசுலேயே ஓட்டுரிமை குடுத்ததே தப்புடி," என்றாள் ரேவதி.

"உனக்கே பத்தொம்பதுதானே?"

"அதான் சொல்றேன். என்னை நம்பி நாட்ட குடுப்பாங்களா? இப்ப தலைவருங்களே டான்ஸ் ஆடி வீடியோ போடுறாங்க. மானம் போவுது லா!"

மாலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் பேச்சு சினிமாவுக்கும், அங்கிருந்து தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் தாவியது.

"கோயில் மேடையில குத்துப்பாட்டு எதுக்குடி?" என்றாள் ரேவதி.

இம்முறை மாலா சிரிக்கவில்லை. "என் தங்கச்சி அந்த மேடையில ஆடத்தான் ரெண்டு மாசமா பிராக்டிஸ் பண்ணா. யாரோ கோயிலுக்கு மொட்டைக் கடுதாசி போட்டு நிறுத்திட்டாங்க. சாப்பிடாம அழுவுறா."

"மொட்டைக் கடுதாசி இல்ல. பேர் போட்டுத்தான் எழுதினேன்."

மாலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வளைவு கடந்தபின் ரேவதி கைப்பேசியை எடுத்தாள்.

"கோயில் தலைவர் மாமாவா? ரேவதி பேசுறேன். என் கடுதாசிய கிழிச்சிப் போட்டுருங்க. இல்ல மாமா, கருத்து மாறல. குத்துப்பாட்டு தப்புதான். ஆனா அந்தப் புள்ள ஆடட்டும். சரியா? நன்றி மாமா."

மாலா மெல்லத் திரும்பினாள். "பாக்க வருவியா?"

"வருவேன். முன்வரிசையில உக்காந்து, மூஞ்சிய சுளிச்சிக்கிட்டே பாப்பேன்."