கைப்பையில் ஒரு தோட்டா

மேலூரிலிருந்து மதுரைக்குப் போன பேருந்தில் ஒரு பெண் நீளமான பெட்டியை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா.

"உள்ள என்ன பாப்பா?" என்றார் நடத்துநர்.

"துப்பாக்கிண்ணே. சுடுற போட்டிக்கு பிளேன்ல போறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"நம்ம ஊரு பிள்ளையா! பிளேன்ல ஏத்துவாகளா?"

"லைசென்ஸ் இருக்குண்ணே, லக்கேஜ்ல போட்டுருவாங்க. போன வருசம் கைப்பையில மறந்த தோட்டா ஒண்ணு கெடந்துச்சு. ஏர்போர்ட் செக்கிங்ல பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க. பிளேனும் போச்சு, போட்டியும் போச்சு."

"இந்தத் தடவ?"

"குவாரியில சல்லி சலிக்கிற கை தம்பி," என்றார் அம்மா. "பைய ஒதறி, தையலத் தடவி, துவைச்சே போட்டுட்டேன்."

பெண் கைப்பைக்குள் விரல்விட்டுப் பார்த்தாள். "இன்னும் காயலம்மா."

"ஈரத்துக்கெல்லாம் ஆளப் பிடிக்க மாட்டாக. நீ போய்ச் சுடு."